தொய்ந்த நூல்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அதன்பிறகு நீங்கள் சிரிப்பதானால் தாராளமாகச் சிரியுங்கள். ஒரு வீட்டில் பேய் இருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால், போனவுடன் பியூஸ் பெட்டியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். படித்ததும் பிழைத்ததும் மின்சாரத்தில். பரமேஸ் அன்ரி வீட்டுக் குசினியில் பொழுதுபட்டால் யாரோ முனகுகிறார்கள் என்று குடும்பமே சேர்ந்து தேவாரம் பாடிக்கொண்டிருந்தது, நான் போய்க் குளிர்பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன், முனகல் நின்றது. அன்ரிக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன், அதனால்தான் இத்தனை வருடமாக அதிகம் பேரிடம் சொல்லவும் இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில் அப்போது தமிழ்ச் சனத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். ரயிலில் நம்மைப்போல ஒரு முகத்தைக் கண்டால் இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டு எந்த ஊர் என்று விசாரிப்போம். நான் ஹோம்புஷில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்தேன், கலியாணம் ஆகவில்லை. மேல்மாடியில் யோகனும் அவன் மனைவி மலரும். யோகனும் நானும் பரமட்டாவில் ஒரே கந்தோரில் வேலை, ஒன்றாக ரயிலேறி ஒன்றாகத் திரும்புவோம், மலர் சமைத்த சோற்றை நான் தின்ற அளவுக்கு யோகன் தின்றிருக்கமாட்டான். அவள் என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள்.

யோகனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும், சிரித்தால் எதையோ திருடிவிட்டு வந்தவன் மாதிரித் தெரிவான். அவனுக்குத் தூண்டில் பைத்தியம். அதுவும் இரை குத்திப் போடுகிற தூண்டில் இல்லை. கந்தோரில் ஒரு வெள்ளைக்காரன் பழக்கிவிட்டது, பிளக் என்பார்கள், மரத்தில் சீவிய பொய் மீன், வயிற்றிலும் வாலிலும் கொளுக்கி தொங்கும். கரையில் நின்று அதை அலைக்கு அப்பால் வீசி, ரீலைச் சுற்றிச் சுற்றி இழுத்து, உயிருள்ள சின்ன மீன் ஒன்று ஓடுகிறது என்று பெரிய மீனை நம்பவைக்க வேண்டும். “இறாலைக் கொழுவிப் போட்டுட்டுக் கதிரையில குந்தியிருக்கிறது தூண்டில் இல்லை மச்சான், அது பிச்சை எடுக்கிறது” என்பான்.

பிளக்கையும் அவனே செய்வான், வீடு கூட்டி உடைந்துபோன தும்புத்தடியின் பிடியில். மலருக்கென்று ஆசையாக ஒரு சிவப்பு நகப்பூச்சு வாங்கிக் கொடுத்திருந்தான், அவள் “இதைப் பூசிக்கொண்டு நான் எந்தக் கொண்டாட்டத்துக்குப் போறது” என்று அலுமாரியில் வைத்துவிட்டாள், இவன் அதை எடுத்து மரமீனின் தலையில் பூசினான். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு செய்தான். ஒன்று கடலில் போனால் மற்றது இருக்கட்டும் என்றான்.

எங்களுக்கு வேண்டிய மீன் டெய்லர். நீலம் கலந்த வெள்ளி நிறம், கூட்டமாக வரும், பல் கத்தரிக்கோல்தான், நைலோன் நூலை ஒரே கடியில் வெட்டிவிட்டுப் போகும். தையல்காரன் என்று பேர் வைத்ததே அதனால்தான் என்பான் யோகன். மற்றவர்கள் பிளக்குக்கு முன்னால் ஒரு முழம் கம்பி கட்டுவார்கள், இவன் கட்டமாட்டான், கம்பி கட்டினால் மரமீன் நீந்தாது, விறைத்துப்போய் வரும் என்பான். முடிச்சுப் போட்டதும் மிச்ச நூலைப் பல்லாலேயே கடித்துத் துண்டிப்பான். பல் உடைந்திருந்ததால் நூல் சுத்தமாக வெட்டுப்படாது, தட்டையாக நசிந்து நடுவில் மெல்லிய வால் ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். கத்தியைப் பாவியுங்கோவன் என்று மலர் ஏசுவாள்.

சுற்றுகிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் நான் பிறகு சொல்லப்போவது உங்களுக்கு விளங்காது. வீசுவது யாருக்கும் வரும், மீனைப் பிடிப்பது சுற்றுகிற கைதான். அலை கரையை நோக்கி வரும்போது பிளக்கும் அலையோடு வரும், அப்போது வேகமாகச் சுற்றாவிட்டால் நூல் தொய்ந்துவிடும், தொய்ந்த நூலில் மீன் கடித்தாலும் தெரியாது. அலை திரும்பிப் போகும்போது சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் போதும், தண்ணீரே பிளக்கை ஆட்டும். கலங்கிய கடல் என்றால் மெதுவாக, தெளிந்த கடல் என்றால் விரட்டி. இதெல்லாம் எல்லாரும் செய்வது. யோகனுக்கென்று ஒரு சுற்று இருந்தது. நீளமாக ஒரே சீராக இழுப்பான், சட்டென்று நிறுத்துவான், தூண்டில் தடியின் நுனியால் இரண்டு தரம் வெடுக் வெடுக்கென்று சுண்டி வெட்டுவான், பிறகு மறுபடி நீளமாக இழுப்பான்.

“ஓடேக்க மீன் சும்மா பின்னால வரும், அவ்வளவுதான். நிப்பாட்டிப் பார். களைச்சுப்போச்சு, இனி ஓடமாட்டுது எண்டு நினைக்கும். அது பாய்ஞ்சு வந்து அடிக்கிறது நிப்பாட்டின பிறகுதான் மச்சான்.” இதை அவன் மலருக்கும் சொல்லிக் கொடுத்தான். மலர் தடி பிடிக்கமாட்டாள், அவன் பக்கத்தில் நின்று நூலை மட்டும் விரலுக்கிடையில் பிடித்துக்கொண்டு, கடிக்குது கடிக்குது என்று சத்தம்போடுவாள். அவர்கள் இரண்டு பேரையும் அப்படிப் பார்க்கும்போது எனக்கும் ஒரு கலியாணம் செய்தால் என்ன என்று தோன்றும்.

அந்தக் குளிர்காலம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் யோகன் தனியாகப் போனான். எனக்குத் தடிமன், மூக்கால் ஓடியது, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நகரத்துக்குத் தெற்கே காட்டுக்குள்ளால் இறங்கிப் போகிற கடற்கரை, பெயர் சொல்லமாட்டேன். மணல் முடிகிற இடத்தில் பாறை ஒன்று மேசைபோலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அவன் திரும்பி வரவில்லை, தேடிப் போனபோது அவனுடைய கார் மேலே நின்றது. தேத்தண்ணிப் போத்தலும் காலிலிருந்து கழற்றிய சப்பாத்தும் பாறையில் இருந்தன. யோகன் இல்லை, அவனுடைய பெரிய தடியும் இல்லை, இரட்டைப் பிளக்கில் ஒன்று அவனோடு போயிருந்தது. பொலிசும் கடற்கரைக் காவல்காரரும் தேடினார்கள், படகு போனது, மேலே ஹெலிகொப்டர்கூடச் சுற்றியது. பிறகு ஒரு பொலிஸ்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கடல் சில பேரைத் திருப்பித் தருவதில்லை என்றான். நல்ல மனிதன், பொய் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, தெரிந்தவர்கள்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும், அது எங்களுடைய வழக்கம். பரமேஸ் அன்ரி பெரிய சட்டியில் சோறும் மரக்கறியும் சமைத்து எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். மலர் கதவைத் திறந்தாள். பொட்டு இருந்தது, தாலிக்கொடி சட்டைக்கு வெளியில் தெரிந்தது, பின்னால் குசினியில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“என்னத்துக்கு அன்ரி சாப்பாடு? இது செத்த வீடு இல்லை.”

“பிள்ளை, அப்பிடிச் சொல்லாதை அம்மா. சனம் வரப்போகுது, நீ கொஞ்சம்…”

“நான் கண்ணால காணேல்லை. அவரின்ர ஒரு துண்டைக் காட்டுங்கோ, அண்டைக்கு அழுறன். அண்டைக்குச் சாப்பாடு கொண்டு வாங்கோ.”

அன்ரி சட்டியோடு அப்படியே என் ஃபிளாட்டுக்கு இறங்கி வந்து, என் கதிரையில் உட்கார்ந்து அழுதார். எரிக்க உடம்பில்லாமல் எதைச் செய்வது என்று எங்களுக்குத் தெரியாது. தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள், தர்ப்பைக்கு எங்கே போவது, ஐயருக்கு எங்கே போவது, அதற்கெல்லாம் மலர் சம்மதிக்கவும் வேண்டுமே.

அவள் கேட்டது வேறு. ஒரு நாள் கந்தோரிலிருந்து வந்தபோது படியடியில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். யோகனுடைய சின்னத் தடியும் மிச்சமிருந்த சிவப்புத் தலைப் பிளக்கும் அவள் கையில் இருந்தன.

“அண்ணை, எனக்கு எறியத் தெரியாது. நீங்கள் எறியுங்கோ. அவரின்ர உடுப்பு, அந்தத் தடி, ஏதாவது அடியில கிடக்கும். ஏதாவது ஒண்டு கொழுவி வந்தாப் போதும். எரிக்கிறதுக்கு.”

கடல் எவ்வளவு பெரியது, கொளுக்கி எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் போனேன். கந்தோரில் சொல்லி வெள்ளனவே வெளிக்கிட்டு, பொழுது படுகிற நேரம் அந்தக் கடற்கரையில் நின்று வீசுவேன், மலர் மணலில் இருப்பாள், இருட்டினால் திரும்பிவிடுவோம். பிளக்குக்கு முன்னால் ஒரு ஈயத்துண்டு கட்டி, அடிமணலோடு உரசி வரட்டும் என்று மெதுமெதுவாகச் சுற்றுவேன். பாசி வரும். யாரோ அறுத்துவிட்ட நூல் வரும். ஒருதரம் ஒரு செருப்பு வந்தது, மலர் ஓடிவந்து பார்த்து, அவரின்ர இல்லை என்று திருப்பி எறிந்தாள். இருந்த கொஞ்சச் சனமும் எங்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியது, அது என் காதுக்கும் வந்தது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எதற்காகப் போகிறோம் என்று யாருக்கு விளக்கிச் சொல்வது? எனக்கே அதில் ஒரு துளி நம்பிக்கை இல்லை.

அந்த நாளைச் சொல்கிறேன். மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசியது, அப்படி வீசினால் அலை படுத்துவிடும், கடல் தட்டையாகக் கிடந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அலைதான் இழுத்திருக்கும் என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள், நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். சூரியன் பின்னால் காட்டுக்குள் இறங்கிவிட்டது, வெளிச்சம் இன்னும் இருந்தது. வீசினேன், அடிக்குப் போகவிட்டேன், சுற்றத் தொடங்கினேன். பாரமாக ஏதோ கொழுவியது. மீன் கடித்தால் தடியில் ஒரு உதறல் வரும், இது அப்படி இல்லை. பாசி என்று நினைத்து இழுத்தேன், வரவில்லை.

பிறகு அது இழுத்தது.

நீளமாக, ஒரே சீராக, அவசரமே இல்லாமல். நின்றது. வெடுக் வெடுக்கென்று இரண்டு தரம். மறுபடி நீளமாக.

மீன் அப்படி இழுக்காது. ரீல் ஒன்றுதான் அப்படி இழுக்கும். நூலின் அந்தப் பக்கத்தில் யாரோ நின்று, என்னைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நம்பினால் நம்புங்கள், என் ரீலின் பிரேக்கை நான் முற்றாகத் தளர்த்திவிட்டேன், நூல் ஓடட்டும் என்று, ஒரு அங்குலம்கூட ஓடவில்லை. தடியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம் என்பீர்கள். அந்தப் புத்தி வரவில்லை. சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்தபோதுதான் நான் நடந்துகொண்டிருக்கிறேன் என்பதே தெரிந்தது. அது இழுத்தால் என் கால் நடந்தது, அது நிறுத்தினால் நின்றது, அந்த இரண்டு வெட்டுக்கும் என் தோள் இரண்டு தரம் குலுங்கியது. தும்புத்தடியில் சீவிய அந்தப் பொய் மீன் எப்படி வருமோ, அப்படித்தான் நான் போனேன்.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. குளிரில் மூச்சு எடுக்க முடியவில்லை. கூப்பிட்டேனா இல்லையா என்று ஞாபகமில்லை, மலர் பக்கத்தில் நின்றாள், சேலையும் கோட்டும் தண்ணீரில் மிதக்க. என்னைப் பிடிக்கவில்லை அவள். தடிக்கு முன்னால் கையை நீட்டி, நூலைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்தாள், யோகனோடு நிற்கும்போது பிடிப்பாளே, அதேபோல. அது நீளமாக இழுத்தது. நின்றது. இரண்டு தரம் வெட்டியது. அவளுடைய முகத்தை நான் பார்த்தேன், இவ்வளவு நாளில் முதல்தரமாக அதில் ஒரு வெளிச்சம்.

“ஓம் அண்ணை” என்றாள். “இவர்தான்.”

இனி இவள் விடப்போவதில்லை, இரண்டு பேரும் போய்விட்டோம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அது இன்னும் ஒருதரம் இழுத்தது, தண்ணீர் கழுத்துக்கு வந்தது, பிறகு நின்றது. இரண்டு வெட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. முன்பு நின்றதைவிட நீண்ட நேரம் நின்றது. கடல் ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது. மலர் என்னுடைய இடுப்பில் உறையிலிருந்த மீன்கத்தியை உருவினாள், தன் விரலுக்குப் பக்கத்திலேயே வைத்து, நூலை அறுத்தாள்.

எனக்கு முன்னால், ஒரு கட்டில் நீளம்கூட இராது, தண்ணீர் ஒருமுறை உள்ளிருந்து புரண்டு அடங்கியது. பெரிதாக. தடியை அங்கேயே விட்டுவிட்டு, மலரின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தேன்.

மணலில் விழுந்து கிடந்தோம். பிறகு அவள் அழத் தொடங்கினாள், அது அழுகை என்று சொல்லமுடியாது, நெஞ்சில் அடித்து ஒப்பாரி, அந்தக் கடற்கரை அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது. எவ்வளவு நேரமோ தெரியாது. அடங்கின பிறகு தாலிக்கொடியைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றினாள். ஏன் அறுத்தீர் என்று நான் கேட்டேன், எனக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது.

“அவர் நிப்பாட்டினார் அண்ணை. நிப்பாட்டினா அடுத்தது என்ன எண்டு எனக்குத் தெரியும்.”

ஹோம்புஷுக்கு வந்து நான் காரை நிறுத்தியதும் சொன்னாள். “இண்டைக்கு நான் அடுப்பு மூட்டேல்லை. அன்ரியைச் சாப்பாடு கொண்டுவரச் சொல்லுங்கோ.” நான் போன் எடுத்து அதைச் சொன்னபோது அந்தப் பக்கத்தில் அன்ரி சரி ராசா என்றார், அவ்வளவுதான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்கு உங்களிடம் இதைச் சொல்லியிருக்கமாட்டேன். குளிர், பயம், துக்கம், மனம் செய்த வேலை என்று ஏதாவது ஒரு பெயர் வைத்து மறந்திருப்பேன். மறுநாள் விடிந்ததும் நான் தனியாக அங்கே போனேன், தடி கரையொதுங்கியிருக்குமா என்று பார்க்க. தடி இல்லை. மலர் உட்காருகிற இடத்தில், அலை ஏறிவருகிற அடையாளத்துக்கு எவ்வளவோ மேலே, காய்ந்த மணலில், சிவப்புத் தலைப் பிளக் கிடந்தது. யோகனோடு போனது இல்லை, நான் வீசியதுதான், நான் போட்ட முடிச்சும் நான் கட்டிய ஈயமும் அப்படியே இருந்தன. மலர் கத்தியால் அறுத்தது என் தடி நுனிக்குப் பக்கத்தில், அப்படியென்றால் பிளக்கோடு ஒரு தெரு நீளத்துக்கு நூல் இருந்திருக்க வேண்டும். ஒரு சாண்தான் இருந்தது. டெய்லர் கடித்திருக்கும் என்பீர்கள். டெய்லர் கடித்தால் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல இருக்கும், நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். இது தட்டையாக நசிந்து, நடுவில் மெல்லிய வால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

மலரிடம் காட்டினேன். காட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவன் எங்களைப் பிடிக்க நிறுத்தவில்லை, விடுவதற்குத்தான் நிறுத்தியிருக்கிறான், பல்லால் கடித்து விட்டிருக்கிறான், இது அவளுக்கு ஒரு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் அந்த நுனியை விரலில் வைத்துத் தடவிப் பார்த்தாள்.

“நான் வெட்டினதுக்கு முதலோ அண்ணை, பிறகோ?”

நான் பிளக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். சில மாதங்களில் அவள் ஊருக்குப் போய்விட்டாள், பிறகு ஊரில் சண்டை வந்து நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை. பிளக் என்னிடம் ஒரு பிஸ்கட் தகரத்தில் இருக்கிறது. கேள்வியும் அதோடு இருக்கிறது. பிறகு கடித்தான் என்றால், அவள் விட்டதால் அவனும் விட்டான். முதலே கடித்துவிட்டான் என்றால், அவள் அறுத்தது வெறும் நூல், அப்படியானால் எங்களுக்கு முன்னால் தண்ணீருக்குள் புரண்டது யார் என்று யோசிக்க வேண்டும், அந்த யோசனையை நான் அதற்குமேல் கொண்டுபோவதில்லை.

ஆனால் ஒன்று தெரியும். அந்தக் கடைசி நிறுத்தத்தில், மலர் கத்தியை வைக்குமுன்பே, நூல் தொய்ந்துவிட்டது. என் தடி நுனி நிமிர்ந்ததை நான் பார்த்தேன். அதை நான் மலரிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, நூல் அவளுடைய விரலில்தான் இருந்தது.